பன்றிப் படத்தின் முடிவு

கல்முனை,
திங்கட்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பிறகு.

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கடிதம் கைக்கு வரும்போது அல்லாஹ் உங்களை நல்ல உடம்போடு வைத்திருக்க வேண்டும். நாங்கள் இங்கே உயிரோடு இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதக் கை வரவில்லை.

இந்தக் காலத்தில் கடதாசியில் எழுதுகிறாளே என்று திகைத்திருப்பீர்கள். காரணம் இருக்கிறது. உங்கள் மேடம் வெள்ளிக்கிழமை மட்டும்தான் உங்களிடம் போனைத் தருவா. தந்தவுடன் முதலில் உங்களுக்கு எடுப்பவர் ஹம்தாவின் வாப்பா, றமீஸ் மச்சான். அழுவார். அவருக்கு நன்றாக அழ வரும். றிஸ்னா என்னுடைய மண்டையை உடைத்துவிட்டாள் என்று சொல்லுவார். அது உண்மை, உடைத்தேன். பிறகு, நான் வீட்டுக்குப் போகட்டுமா, ஒரு சொல் சொல்லு என்று கேட்பார். அந்தச் சொல்லைச் சொல்லிவிடாதீர்கள். அதற்குத்தான் இந்தக் கடிதம். பக்கத்து வளவுச் சபியா உம்மாவின் மகள் நாளைக்கு குவைத்துக்குத் திரும்புகிறா. உங்கள் கட்டடத்திலேயே மேல்மாடியில் வேலை என்பதால் வெள்ளிக்கு முன் கையில் தருவேன் என்று சத்தியம் செய்திருக்கிறா. முழுவதையும் வாசித்துவிட்டுப் போனைத் தொடுங்கள்.

உம்மாவுக்குச் சீனி கொஞ்சம் கூடியிருக்கிறது. காலில் புண் ஆறவில்லை. பின் வளவு வீட்டில் நானும் அவவும் பழையபடிதான். நான் பசாரில் அதே கொமினிகேஷன் கடையில் போட்டோக்கொப்பி எடுக்கிறேன்.

இனி ஹம்தாவின் கதைக்கு வருகிறேன். நீங்கள் போவதற்கு முதல் அவளோடு ஒரே பெட்சீட்டுக்குள் படுத்துக்கொண்டு ஒரு படம் பார்த்தீர்களே, அந்த முள்ளம்பன்றிக் குட்டியின் படம். தாயை ஆற்றின் அந்தக் கரையில் தொலைத்துவிட்டுத் தனியாக வளருகிற குட்டி. அதைத் துரத்தித் துரத்தி வருகிற ஒற்றைக்கண் ஓநாய். இரண்டாவது படமும் மூன்றாவது படமும் நீங்கள் அங்கே இருக்கும்போது வந்தன. நாலாவதுதான் கடைசி. தாய் வருகிற படம் அதுதான் என்று முதலே சொல்லிவிட்டார்கள். பார்த்தவர்கள் எல்லாரும், ஒரு தொடரை முடித்தால் இப்படி முடிக்க வேண்டும், மனம் நிறைந்துபோனது என்று இணையத்தில் எழுதித் தள்ளினார்கள்.

நீங்கள் மறந்திருப்பீர்கள். ஏர்போட்டுக்கு வேன் ஏறும்போது ஹம்தா உங்கள் அபாயாவை விடாமல் பிடித்திருந்தாள். முள்ளன்ட உம்மா வாற படம் வரக்குள்ள உங்கட உம்மாவும் வந்திருவன் மகள் என்று சொல்லிக் கையைக் கழற்றினீர்கள். அவள் அதை மறக்கவில்லை. படம் வெளியாகிவிட்டது என்று தெரிந்த நாளிலிருந்து நீங்கள் விட்டுப்போன நீலச் செருப்பைக் கழுவி வாசற்படியில் வைக்கத் தொடங்கினாள். வெயிலில் வெடித்துவிடும் என்று நான் சொன்னால், அப்ப உம்மாவ கெதியா வரச் சொல்லுங்க சாச்சி என்பாள்.

நாலாவதைப் போடுவதற்கு முதல் பழைய மூன்று படங்களையும் எங்கள் தெரு ஒழுங்கைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினேன். படம் இங்கிலீஷில்தான். பிள்ளைகளுக்கு விளங்காது. நான் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு எங்கள் பேச்சில் கத்திக் கத்திச் சொல்லுவேன். முள்ளம்பன்றிக்கு ஆபத்து வந்தால் அது ஓடாது. திரும்பி நின்று முதுகைக் காட்டும். நெருங்கி வருகிறவனுக்கு முள் ஏறும். முதல் படத்திலேயே தாய் குட்டிக்குச் சொல்லிக்கொடுப்பது அதுதான். நான் அதை, கிறுகு, முதுகக் காட்டு என்று சொன்னேன். அது ஒழுங்கை முழுக்கப் பரவிவிட்டது. ஓடிப்பிடித்து விளையாடும்போதுகூடப் பிள்ளைகள் பிடிபடும் நேரத்தில் கிறுகிக் குந்திவிடும். குந்தினால் தொடக்கூடாது என்பது சட்டம்.

பெரியவர்களின் காதில் விழுந்தது வேறு. என்ன படம் பார்த்தாய் என்று எந்தத் தாயோ கேட்டிருக்கிறாள், பிள்ளை முள்ளம்பன்றி என்றிருக்கிறது. சொல்லின் பின்பாதி மட்டும் அவளுக்குக் கேட்டிருக்கிறது. மஃரிப் தொழுகைக்குள், உங்கள் பேரைச் சொல்லி, ஜெஸீலாவின் வீட்டில் பன்றிப் படம் ஓடுதாம் என்று ஒழுங்கையே கதைத்தது. சபியா உம்மாவும் வேலிக்கு மேலால் எட்டி, என்ன கா றிஸ்னா, புள்ளையளுக்குப் பன்றி காட்டுறியாம் என்று கேட்டா. படத்தைப் போனில் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, இது பன்றியா கா, ஊசி குத்தின எலியெல்லோ என்று சிரித்தா. அன்றிலிருந்து பிள்ளைகளை முள்ளன் என்று மட்டும் சொல்லப் பழக்கினேன்.

ராத்தா, இந்த இடத்தில் கொஞ்சம் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமைகளில் நீங்கள் திரையில் பார்த்தது ஹம்தாவின் முகத்தை. அவளுடைய பிடரியில் இருந்த கையை நீங்கள் பார்க்கவில்லை. சுகமா இரிக்கன் உம்மா, வாப்பா நல்லாப் பாக்கிறார் என்று சொல்லும்போது சில நேரம் அவள் கண்ணை இறுக்கி மூடித் திறப்பாளே, வெளிச்சம் கூசுகிறதா மகள் என்று ஒருமுறை நீங்கள்கூடக் கேட்டீர்களே. அது வெளிச்சம் இல்லை. விரல் இறுகிய நேரம். இதை அவள் எனக்கு முந்தாநாள் ஆஸ்பத்திரியில்தான் சொன்னாள்.

இனி அவனை மச்சான் என்றும் அவர் என்றும் எழுத என்னால் ஏலாது. றமீஸ் என்றே எழுதுகிறேன்.

சனிக்கிழமை பின்நேரம் படம் போட்டோம். என்னோடு வேலை செய்கிற பாண்டிருப்பு விதுசா, தன் அண்ணனின் டியூஷன் வகுப்பிலிருந்து புரொஜெக்டரைக் கொண்டுவந்திருந்தாள். உங்கள் முன் ஹோலில் வெள்ளைத் துணியை அடித்தோம். ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாம் பாயில். ஹம்தா வரமாட்டேன் என்று குசினிக்குள் போய்விட்டாள். உம்மா வரல்லையே, நான் எப்படிப் பாக்கிற என்றாள். பாட்டுச் சத்தம் கேட்டதும் மெதுவாக வந்தாள். கையில் உங்கள் செருப்பு. அதைப் பாயில் தனக்குப் பக்கத்தில் வைத்து, இது உம்மாட இடம், ஒருத்தரும் இரிக்கப்படா என்றாள்.

கடைசிக் கட்டம் தொடங்கி, குட்டி ஆற்றில் குதித்த நேரம் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. தேத்தண்ணிக் கடையில் யாரோ, என்ன றமீஸ், உங்கட வீட்டில பன்றி வளக்கிறயளாம் என்று பகிடி பண்ணியிருக்கிறார்கள். சிரித்தவர்களை ஒன்றும் செய்ய அவனுக்குத் தைரியம் இல்லை. வீட்டுக்கு வந்தான். என்ட வீட்டுக்குள்ள பன்றி ஓட்டுற ஆரு என்று கேட்டான். என்ட வீடு என்றான், ராத்தா.

புரொஜெக்டரை உதைத்தான். அது மல்லாந்து விழுந்து, வெளிச்சம் முகட்டுக்குப் போனது. முள்ளன் காற்றாடியில் நீந்திக்கொண்டிருந்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். ஹம்தா மட்டும் ஓடவில்லை. குனிந்து உங்கள் செருப்பை எடுத்தாள். செருப்போடு அந்தக் கையைப் பிடித்து முறுக்கினான். முருங்கைக் கொப்பு முறிகிற சத்தம் கேட்டது. அவள் உடனே அழவில்லை, கையைத்தான் பார்த்தாள். பிறகுதான் கத்தினாள். சுவரில் தொங்கிய போன் சார்ஜர் வயரை இழுத்து அந்தக் கத்தலுக்கு மேலேயே அடித்தான். நான் பாய்ந்தேன். தள்ளிவிட்டான், தலை யன்னல் விளிம்பில் அடித்துக் கண் இருண்டது. விதுசா நடுவில் வந்தாள். நீ ஆரு எங்கட வீட்டுக்குள்ள, வெளிய போடி என்று வயரை ஓங்கினான். போறன், புள்ளயத் தூக்கிட்டுத்தான் போவன் என்றாள். தூக்கினாள். அவளுடைய தோளிலும் ஒரு அடி விழுந்தது. திரும்பிப் பார்க்காமல் ஓட்டோவுக்கு நடந்தாள்.

ஆஸ்பத்திரிக்கு அவனும் பின்னால் வந்து, பிள்ளை கொய்யா மரத்தால் விழுந்துவிட்டது என்று டொக்டரிடம் சொன்னான். எங்கட வளவில கொய்யா மரமே இல்ல டொக்டர் என்றேன். டொக்டர் பொலிசுக்குச் சொன்னார். ஒருவர் வந்து எழுதினார். அதற்குள் ஊருக்குச் செய்தி போய்விட்டது. பொலிஸ் வேணாம், ஊருக்குள்ள கதைச்சித் தீப்பம், நாளைக்கு இந்தப் புள்ளைக்கு மாப்பிள்ள பாக்கவெல்லோ வேணும் என்று ஆள் அனுப்பினார்கள். அவளுக்கு ஒன்பது வயது. கையில் பிளாஸ்டர் இன்னும் காயவில்லை. அதற்குள் மாப்பிள்ளை.

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு உங்கள் ஹோலில் உங்கள் கதிரைகளில் ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் வந்து இருந்தார்கள். நம்முடைய மீராசாஹிபு பெரிய வாப்பா, அரிசி மில் கச்சிமுகம்மது, இன்னும் இரண்டு பேர். றமீஸ் வெள்ளைத் தொப்பி போட்டுத் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். ஆத்திரத்தில கை பட்டுட்டு, புள்ளைக்குப் பன்றிப் படம் காட்டினா எந்த வாப்பா பொறுப்பான் என்றான். எல்லாத் தலையும் ஆடியது. நான் குசினிச் சீலைக்குப் பின்னாலிருந்து, அது பன்றியில்ல, முள்ளம்பன்றி என்றேன். பேரிலயே பன்றி இரிக்கி புள்ள என்று ஒருவர் சொன்னார்.

பெரிய வாப்பா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் வட்டைவிதானையாக வயலும் வாய்க்காலும் பார்த்துத் திரிந்தவரல்லவா. முள்ளம்பன்றி பன்றியெண்டா நம்மட ஊரில பாதிப்பேர் பன்றி திண்டவன்தான், மாவடிப்பள்ளி வட்டையில காவலுக்குக் கிடக்கக்குள்ள சுட்டுத் திண்டது ஆரு, நீயும்தானே என்னோட திண்ட கச்சிமுகம்மது, எலும்பையும் விடல்லையே நீ என்றார். கச்சிமுகம்மதுக்குத் தேத்தண்ணி புரையேறிவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சீலைக்குப் பின்னால் சிரித்துவிட்டேன். பன்றி போய்விட்டது, இனி மிஞ்சியது முறிந்த கை ஒன்றுதான், அதைப் பற்றித்தான் இனிப் பேசவேண்டும் என்று நினைத்தேன்.

என்னுடைய நினைப்பு. கச்சிமுகம்மது வாயைத் துடைத்துக்கொண்டு, சரி, பன்றியோ எலியோ, பெத்த வாப்பாக்கு அடிக்க உரிமை இரிக்கிதானே, ஒரு அடிதானே, மன்னிப்பும் கேட்டுட்டான், பொம்புளையள் ஸபுர் செய்யுங்க என்றார். ஸபுர், பொறுமை என்ற அந்தச் சொல் அல்லாஹ்வின் வேதத்தில் இருக்கிறது. அதை இவர்கள் எப்போதும் அடி வாங்குகிறவளிடம்தான் சொல்கிறார்கள். அடிக்கிறவனிடம், கையை மடக்கி ஸபுர் செய்யடா என்று சொன்னதை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அப்போதுதான் ஹம்தா அறைக்குள்ளிருந்து வந்தாள். பிளாஸ்டர் கை கழுத்தில் தொங்கியது. நடு ஹோலில் நின்றாள். கிறுகினாள். நாலு பேருக்கும் முதுகைக் காட்டி, நல்ல கையால் பர்தாவைத் தூக்கிப் பிடரியையும் தோளையும் காட்டினாள். சிவந்த தழும்பு, அதற்குக் கீழே கறுத்தது, அதற்கும் கீழே ஆறி மஞ்சளானது. ஒரே நாளில் வந்ததல்ல என்று குருடனுக்கும் தெரியும். சுவரைப் பார்த்துக்கொண்டே, முள்ளன் முதுகக் காட்டினா ஓநாய்க்குக் குத்தும் பெரிய வாப்பா, எனக்கு முள்ளு இல்லையே என்றாள்.

பெரிய வாப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பொம்புளப் புள்ள, மூடச் சொல்லுங்க என்றார். அவருக்குத் தோல்தான் தெரிந்தது, ராத்தா.

எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. உங்கள் அறைக்குள் போய் அலுமாரியைத் திறந்து அவனுடைய சாறன், சேட்டு, ஹெல்மெட் எல்லாவற்றையும் அள்ளி கேற்றுக்கு வெளியே ரோட்டில் எறிந்தேன். திரும்பி வந்து எல்லார் முன்னாலும் சொன்னேன். இது எங்கட உம்மா ராத்தாக்குக் குடுத்த சீதன வீடு, நீங்க மாப்பிள்ளையா வந்த ஆள், மாப்பிள்ளையா இரிக்கத் தெரியல்ல, உங்கட உம்மாட வீட்டுக்குப் போங்க என்று. இந்த ஊரில் வீடு பொம்பிளையின் பேரில் என்பது எல்லாருக்கும் தெரியும். கலியாணம் பேசும்போது அதைப் பெருமையாகச் சொல்வார்கள். அடி விழுகிற நேரத்தில் மட்டும் மறந்துபோவார்கள்.

றமீஸ் எழும்பினான். என்னைப் பர்தாவோடு சேர்த்துத் தலைமயிரைப் பிடித்து நிலத்தில் அடித்தான். முன்பல் ஒன்று நாக்கில் வந்தது. விலாவில் மிதித்தான். பெரியவர்கள் நாலு பேரும் எழும்பி நின்று, டேய் விடுடா, விடுடா என்றார்கள். இரண்டு பேரின் கையில் கோப்பை அப்படியே இருந்தது. யாரும் வந்து பிடிக்கவில்லை. ஹம்தாதான் வந்தாள். எனக்கும் அவனுக்கும் நடுவில் கிறுகி, அவனுக்கு முதுகைக் காட்டி, என் மேல் கவிழ்ந்துகொண்டாள். சாச்சி, என்ட முதுகுக்குப் பின்னால இரிங்க, என்ட முதுகுக்குப் பின்னால என்று கத்தினாள். பயத்தில் அவளுக்கு முன்னும் பின்னும் தெரியவில்லை. நான் அவளுடைய நெஞ்சுக்குக் கீழே கிடந்தேன்.

அவன் கதிரையைத் தூக்கினான். கைக்கெட்டும் தூரத்தில், குசினிக் கதவுக்குப் பின்னால் திருவலை இருந்தது, காலையில் தேங்காய் திருவியது. எட்டி எடுத்துக்கொண்டு எழும்பினேன். பல்லுப் பக்கமா, பலகைப் பக்கமா என்று பார்க்கவில்லை. அடித்தேன். கதிரை ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். வெள்ளைத் தொப்பி சிவந்து நெற்றியில் ஒட்டியது. இன்னொரு அடி அடிக்கத்தான் ஓங்கினேன். சபியா உம்மா உள்ளே வந்து கையைப் பிடித்தா, போதும் கா, செத்தா நீதான் மறியலுக்குள்ள கிடக்கணும் என்று. அவவுக்குப் பின்னால் ஒழுங்கைப் பொம்பிளைகள் கேற்றை நிறைத்து நின்றார்கள். ஒருவரும் அவனுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் பெரிய வாப்பாவின் கை வேலை செய்தது. அவனுடைய தோளைப் பிடித்து வெளியே கொண்டுபோனார். வீடு ஜெஸீலாட பேரில, அவ வாயால வா எண்டா வா, அதுவரைக்கும் சம்மாந்துறையில உங்கட உம்மாவோட இரி என்றார். நீதி சொல்லிவிட்டோம் என்று மற்றவர்களும் எழும்பிப் போனார்கள். கேற்றுக்குப் புதுப் பூட்டுப் போட்டிருக்கிறேன், திறப்பு என் கழுத்தில். அவன் மேல் பொலிசில் முறைப்பாடு இருக்கிறது. இன்று காலையில் என் மேலும் ஒன்று போட்டிருக்கிறான். வரட்டும்.

அவர்கள் என்ன செய்தார்கள் என்று விளங்குகிறதா ராத்தா? நாலு ஆம்பிளைகள் கண்ணால் பார்த்ததைத் தீர்க்கத் தைரியம் இல்லாமல், கடல் தாண்டி யாரோ வீட்டுக் குசினியில் தனியே நிற்கிற உங்கள் தலையில் வைத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை அவன் அழுவான். அவனுடைய உம்மா அழுவா. கச்சிமுகம்மதுவும் எடுத்து மார்க்கம் சொல்லுவார். உங்கள் மனசு எனக்குத் தெரியும், யார் அழுதாலும் நீங்கள்தான் முதலில் மன்னிப்பீர்கள்.

இன்று போயா விடுமுறை. காலையில் விதுசா தன்னுடைய லெப்டொப்பைக் கொண்டுவந்தாள். புரொஜெக்டர் போய்விட்டது, அவளுடைய அண்ணன் ஏசியிருக்கிறார், அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். பிள்ளைகள் எல்லாரும் அந்தச் சின்னத் திரைக்கு முன்னால் நெருங்கி இருந்து விட்ட இடத்திலிருந்து பார்த்தோம். செருப்பும் பாயில் இருந்தது. சனிக்கிழமை அறுந்த ஒரு வாருக்கு ஹம்தா பல்லால் இறுக்கிக் கம்பி கட்டியிருந்தாள். பிள்ளைகள் கைதட்டிக் குதித்தார்கள். ஹம்தா தட்டவில்லை. ஒரு கையால் எப்படித் தட்டுவது. கடைசிக் கட்டத்தைத் திரும்பப் போடச் சொன்னாள், திரும்பவும் போடச் சொன்னாள். பிறகு என்னிடம், உம்மாக்கு முடிவச் சொல்லிராதீங்க சாச்சி, வந்து பாக்கட்டும், ஓநாய்ட கதைய மட்டும் எழுதுங்க என்றாள்.

அதனால் ஓநாயின் கதையை மட்டும் எழுதுகிறேன். தாய் வந்துவிட்டாள் என்பது இதிலேயே தெரிந்துபோகும், அதற்கு ஹம்தா என்னை ஏசுவாள். பெரிய மழை. ஓநாய் எல்லாவற்றையும் இழந்துவிட்டு வளையின் வாசலில் வந்து படுத்து அழுகிறது. எனக்கு வயசு போயிட்டு, நான் செஞ்சதெல்லாம் பிழை, இந்த மழைக்கு மட்டும் உள்ள விடு என்று கெஞ்சுகிறது. நான் அதைப் பிள்ளைகளுக்கு எங்கள் பேச்சில் சொன்னேன். இப்படிப்பட்ட படங்களில் கடைசியில் கெட்டவன் திருந்துவான், எல்லாரும் கட்டிப்பிடிப்பார்கள், பாட்டுப் போகும். தாய் மெதுவாக எழும்பி வாசலுக்கு வருகிறாள். பிள்ளைகள் எல்லாம் ஒரே குரலில், துறக்காதீங்க, துறக்காதீங்க என்று கத்தினார்கள். தாய் ஓநாயைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கிறுகினாள். முதுகைக் காட்டி அந்த வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உள்ளே குட்டி நனையாமல் தூங்கியது. ஓநாய் விடியும்வரை அழுதது. கதவு திறக்கவில்லை, ராத்தா.

உம்மா உங்களுக்குச் சலாம் சொல்லச் சொன்னா. வேலையை விட்டுட்டு வா என்று எழுதாதே, புள்ள பயந்திருவா என்றா. அதனால் நான் எழுதவில்லை. செருப்பு வாசற்படியில் இருக்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை போன் அடிக்கும்போது அல்லாஹ் உங்கள் நாவைக் காப்பானாக. உங்கள் முதுகை உறுதியாக்கி வைப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.

உங்கள் அன்புத் தங்கச்சி,
றிஸ்னா